வலை அறுந்தால் எந்தப் பாதையால் போவது?

2014ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவுக்கு மேற்கே, விமான நிலையத்தைத் தாண்டி உள்ள ஒரு களஞ்சியத்தின் வலையமைப்பை வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தபடி நான் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கிருந்த ரௌட்டரில் ஒரு பட்டியல் உண்டு. எந்த முகவரியிலிருந்து வருபவரை உள்ளே விடுவது, எவரை மறிப்பது என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும். அதில் ஒரு வரியை மாற்றினேன். என்டர் விசையை அழுத்தியதும் திரை உறைந்துபோனது. மறிக்கப்பட வேண்டியவர்களோடு என்னையும் சேர்த்து மறித்துவிட்டேன் என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

நான் வெளியே பூட்டப்பட்டதுடன் விஷயம் முடியவில்லை. களஞ்சியத்தின் இருப்புக் கணக்கு வேறொரு நகரத்துச் சேர்வரில் இருந்தது. பொதிகளின் பட்டைக்குறியை வாசிக்கும் கருவிகள், முகவரி ஒட்டுத்தாள் அச்சடிக்கும் இயந்திரங்கள், மேசைத் தொலைபேசிகள் எல்லாமே அந்த ஒரு ரௌட்டர் வழியாகத்தான் பேசின. விடிய நாலு மணிக்கு லொறிகள் வரும். ஒட்டுத்தாள் இல்லாமல் ஒரு பெட்டிகூட ஏறாது.

இப்படியான நேரத்துக்கென்றே அந்த ரௌட்டரோடு ஒரு பழைய மொடெம் பொருத்தியிருந்தார்கள். அதற்குத் தனியாக ஒரு தொலைபேசி இணைப்பு. வலையமைப்பு படுத்தாலும் அந்த இலக்கத்தை அழைத்து உள்ளே போகலாம். மூன்று மாதங்களுக்கு முன் செலவைக் குறைப்பதற்காக நிர்வாகம் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டிருந்தது. ஒரு வருடமாக ஒருமுறைகூடப் பாவிக்கப்படாத இணைப்பு என்று எழுதி, அதை வெட்டலாம் என்று பரிந்துரைத்தவன் நான்தான்.

காரில் போவதென்றால் அந்தப் பனியில் இரண்டு மணித்தியாலம் ஆகும். அப்போதுதான் அங்கே இரவுக் காவலுக்கு இருக்கும் அண்ணையின் ஞாபகம் வந்தது. முன்பு ஒருநாள் போயிருந்தபோது ஊர் விசாரித்து, தேத்தண்ணி தந்து, தன் கைத்தொலைபேசி இலக்கத்தையும் தந்தவர். அந்த இலக்கம் நிறுவனத்தின் எந்த ஆவணத்திலும் இருக்கவில்லை.

"அண்ணை, நித்திரையோ?"

"டியூட்டியில நித்திரை கொள்ளலாமோ தம்பி? என்ன இந்த நேரத்தில?"

சொன்னேன். அவரிடம் எல்லா அறைகளின் சாவியும் இருந்தது. தொலைபேசியைக் காதில் வைத்தபடி கருவிகள் இருந்த அறையைத் திறந்தார்.

"இஞ்சை கன வயர் கிடக்கு தம்பி. எல்லாம் நீலம்."

"நீலத்தைத் தொடவேண்டாம் அண்ணை. மேலயிருந்து இரண்டாவது பெட்டி. அதுக்குப் பின்னால கறுப்பு வயர் ஒண்டு சுவருக்குப் போகுது. அதைக் கழட்டி, முப்பது வரைக்கும் எண்ணிப்போட்டுத் திருப்பிச் செருகுங்கோ."

அவர் சத்தமாக எண்ணினார். நான் செய்த மாற்றம் ரௌட்டரின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருந்தது. நிரந்தரமாகச் சேமிக்க முன்னரே வெளியே தள்ளப்பட்டிருந்தேன். மின்சாரம் போய் வந்தால் பழைய பட்டியலோடுதான் எழும்பும். நாலைந்து நிமிடத்தில் எழும்பியது. லொறிகள் நேரத்துக்குப் போயின.

இந்தத் தொழிலில் உள்ள பலர் ஒருமுறையாவது இப்படித் தம்மைத் தாமே வெளியே பூட்டியிருப்பார்கள். சாதாரணமான பிழை. ஆனால் அதற்குப் பிறகு கணினி வலையமைப்புகளின் வரலாற்றை வேறொரு கண்ணால் வாசிக்கத் தொடங்கினேன். பொதுவாக அந்த வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகச் சொல்வார்கள். அதைப் பழுதுகளின் வரிசையாக வாசித்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பாதை உடைந்துவிட்டது, அதைத் திருத்தப் போகிறவரும் அதே பாதையால்தான் போகவேண்டும் என்றால் என்ன செய்வது?

*

இந்தக் கேள்வி முதல் நாளிலேயே இருந்தது. 1969 ஒக்ரோபர் 29ஆம் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த மாணவர் சார்லி கிளைன், வடக்கே ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த கணினிக்குள் நுழைய முயன்றார். இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெற்றில் போன முதற்செய்தி அதுதான். 'லொகின்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டவேண்டும். முதலாவது எழுத்து போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. மூன்றாவதில் மறுமுனைக் கணினி விழுந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் திருத்தி, முழுச் சொல்லையும் அனுப்பினார்கள்.

இது பலரும் அறிந்த கதை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர்ந்ததா என்பது கிளைனுக்கு எப்படித் தெரிந்தது? மறுமுனையில் இருந்த பில் டுவாலோடு அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தைத் தட்டுவார், வந்ததா என்று கேட்பார், வந்தது என்று பதில் வரும். ஆர்ப்பாநெற்றின் அந்த முதல் இரவுப் பழுது, வலையமைப்புக்கு வெளியே இருந்த ஒரு பாதையால்தான் கண்டறியப்பட்டது.

ஆர்ப்பாநெற்றைக் கட்டிய பிபிஎன் நிறுவனம் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டுப்பாட்டு மையத்தை நடத்தியது. ஒவ்வொரு இடத்திலும் குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு ஹனிவெல் கணினி இருந்து செய்திகளை வாங்கிக் கைமாற்றியது. இன்றைய ரௌட்டரின் பாட்டன் என்று சொல்லலாம். அது தன் நலத்தையும் தன்னோடு இணைந்த கம்பிகளின் நலத்தையும் ஒழுங்காக மையத்துக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். நாட்டின் மறுகரையில் ஒரு தொலைபேசிக் கம்பி பழுதானால், கேம்பிரிட்ஜில் இருப்பவர்கள் தொலைபேசி நிறுவனத்தை அழைத்து உங்கள் கம்பி விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று தொலைபேசிக்காரர் ஆரம்பத்தில் நம்பவில்லை. வலையமைப்பைப் பராமரிக்கும் தொழில் பிறந்தது இப்படித்தான். கண்காணிப்பு வலையின் வழியாக. முறைப்பாடு தொலைபேசியின் வழியாக.

*

1980 ஒக்ரோபர் 27ஆம் திகதி அந்த ஒழுங்கு முதற்தடவையாகப் பெரிதாகக் குலைந்தது. ஆர்ப்பாநெற் முழுவதுமே பல மணித்தியாலங்கள் செயலிழந்தது. எவரும் தாக்கவில்லை. கம்பி எதுவும் பெரிதாக அறவில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு கணினியும் தன் நிலைமையைச் சொல்லும் சிறு அறிக்கைகளை மற்றவற்றுக்கு அனுப்பும். எது புதியது, எது பழையது என்று அறிய ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு தொடரிலக்கம் உண்டு. இலக்கம் 0 முதல் 63 வரை போய், மணிக்கூட்டு முள் போல மீண்டும் 0க்கு வரும். வட்டத்தில் எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? குறுகிய தூரத்தை வைத்து முடிவு செய்தார்கள். அன்று ஒரு கருவியின் கோளாறால் நினைவகத்தில் சில பிட்டுகள் உதிர்ந்தன. ஒரே கணினியின் பெயரில் 8, 40, 44 என்ற மூன்று இலக்கங்களுடன் மூன்று அறிக்கைகள் வெளிவந்தன. அந்த வட்டக் கணக்கின்படி 40 என்பது 8ஐ விடப் புதியது, 44 என்பது 40ஐ விடப் புதியது, 8 என்பது 44ஐ விடப் புதியது. ஆகவே மூன்றும் ஒன்றையொன்று துரத்தியபடி வலை முழுவதும் ஓய்வின்றிச் சுற்றின. அறிக்கைகளுக்கு முன்னுரிமை இருந்ததால் மற்ற வேலை எதற்கும் இடம் இருக்கவில்லை.

கம்பியில் போகும்போது செய்தி பழுதாகாமல் இருக்கச் சரிபார்ப்பு இருந்தது. நினைவகத்தில் இருக்கும்போது பழுதாகலாம் என்பதை எவரும் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு கணினியை நிறுத்தித் திரும்பத் தொடக்கினால் பயன் இல்லை. அது எழும்பியதும் அயற்கணினி அதே நச்சு அறிக்கைகளை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடும். குறித்த கணினியின் பெயரில் வரும் அறிக்கைகளைப் புறக்கணி என்ற சிறு திருத்தத்தை எழுதி, எல்லாக் கணினிகளிலும் இட்ட பிறகே சுழற்சி அடங்கியது.

அடுத்த ஆண்டு எரிக் ரோசன் இந்தச் சம்பவத்தை ஒன்றும் மறைக்காமல் எழுதினார். ஆர்.எஃப்.சி. 789 என்ற இலக்கத்தில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் வாசிக்கக் கொடுப்பது அதைத்தான். எங்கள் தொழிலில் பிழையை ஒத்துக்கொண்டு எழுதுகிற மரபு ஒன்று இருக்கிறதென்றால், அதன் நல்ல தொடக்கங்களில் அது ஒன்று.

அந்த அனுபவங்களின் காலத்தில்தான் இன்றும் நாம் கையில் எடுக்கும் கருவிகள் உருவாகின. 1983 மார்கழியில் மேரிலாந்தில் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் வேலைசெய்த மைக் முஸ், வலையமைப்பின் விசித்திரமான ஒரு நடத்தையைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு சிறு நிரலை ஒரே இரவில் எழுதினார். நீர்மூழ்கியைத் தேட ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல, ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பி அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் நிரல் அது. அந்த ஒலியின் பெயரையே 'பிங்' என்று வைத்தார். அவர் எழுதி முடித்தபோது மூலப் பழுது ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு ஒரு கார் விபத்தில் அவர் இறந்தார். அவருடைய நிரல் நாற்பது ஆண்டுகளாக உலகெங்கும் ஓடுகிறது. ஆனால் பிங்குக்கும் ஓர் எல்லை உண்டு. பதில் வராவிட்டால், மறுமுனை செத்துவிட்டதா, பாதை அறுந்துவிட்டதா, வேண்டுமென்றே மறிக்கிறார்களா என்று அது சொல்லாது. அந்தப் பனி இரவில் நான் பிங்கைப் போட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குக் கிடைத்தது மௌனம் மட்டும்.

*

1988 கார்த்திகை 2ஆம் திகதி மாலை, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் பரவத் தொடங்கியது. அது கோப்புகளை அழிக்கவில்லை. ஒரே கணினிக்குள் மீண்டும் மீண்டும் புகுந்து, கணினியை மூச்சுவிட முடியாமல் செய்தது. தான் நினைத்ததைவிட வேகமாக அது பரவுவதைக் கண்ட மொரிஸ் நண்பர்களிடம் சொன்னார். ஹார்வர்டில் இருந்த நண்பர் அன்ட்ரூ சடத், மன்னிப்பும் மருந்தும் சேர்ந்த ஒரு பெயரில்லாச் செய்தியை விடியற்காலையில் மின்னஞ்சலில் போட்டுவிட்டார். ஆனால் பல இடங்களில் நிருவாகிகள் தங்கள் மின்னஞ்சல் வழிகளை அதற்குள் துண்டித்திருந்தார்கள். நோயைத் தடுக்கப் பூட்டிய கதவு மருந்தையும் தடுத்தது. செய்தி வேண்டிய நேரத்தில் வேண்டியவர்களைச் சேரவில்லை.

அதன் விளைவாகக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர நிலைகளுக்கான ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்கு இருபத்துநாலு மணித்தியாலமும் இயங்கும் தொலைபேசி இலக்கம் கொடுத்தார்கள். இணையத்தின் அவசரத்துக்குத் தொலைபேசிதான் என்று அனுபவம் கற்பித்திருந்தது.

தொலைபேசியும் அசைக்க முடியாதது இல்லை என்று 1990 தை 15ஆம் திகதி தெரியவந்தது. ஏரிஅன்ட்ரி நிறுவனத்தின் நெடுந்தூரத் தொலைபேசி வலையில் நியூயோர்க்கில் ஒரு சுவிட்ச் தன்னைத் தானே மீளத் தொடக்கிக்கொண்டது. நான் திரும்ப வந்துவிட்டேன் என்று அது அயலுக்கு அறிவித்தது. அந்த நல்ல செய்தியைக் கையாளும் நிரலில் ஒரு பிழை. செய்தி கிடைத்த அயற்சுவிட்ச் விழுந்து எழும்பி, தானும் அதையே அறிவித்தது. 114 சுவிட்சுகள் ஒன்றையொன்று தள்ளி விழுத்தின. நிலைமை அடங்க 9 மணித்தியாலங்கள் சென்றன. 1980இன் அதே கதைதான். இந்த முறை நடந்தது நாம் இரண்டாவது வழி என்று நம்பியிருந்த பாதையில்.

*

இவையெல்லாம் பெரிய வலைகளின் கதைகள். அலுவலகக் கட்டடத்துக்குள் இருக்கும் வலைக்கு வேறொரு நோய் உண்டு. அதற்குச் சுழற்சி என்று பெயர். இரண்டு சுவிட்சுகளைத் தெரியாமல் இரண்டு வயர்களால் இணைத்துவிட்டால், எல்லோருக்கும் என்று அனுப்பப்பட்ட ஒரு செய்தி அந்த வளையத்தில் முடிவில்லாமல் சுற்றும். ஈதர்நெற் செய்திக்கு ஆயுட்காலம் என்று ஒன்று கிடையாது. சுற்றும்போது பெருகவும் செய்யும். யாரோ ஒருவர் கூட்ட அறையில் கிடந்த வயரின் இரண்டு நுனிகளையும் சுவரில் செருகிவிட்டு வீட்டுக்குப் போனதால் ஒரு மாடியே முடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருந்து கண்டவர் ராடியா பேர்ள்மன். 1980களின் நடுப்பகுதியில் டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனத்தில் வேலைசெய்தார். சுவிட்சுகள் தமக்குள் பேசி, வளையங்களை வெட்டி, கிளைகள் மட்டும் உள்ள ஒரு மரமாகத் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறையை அவர் வகுத்தார். அதை விளக்கிய கட்டுரையின் சுருக்கத்தை மரத்தைப் பற்றிய ஒரு கவிதையாகவே எழுதினார். இலக்கிய இதழொன்றில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மரம் மிகப் பெருத்தால் ஆபத்து. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு தாவல்களுக்கு மேல் போகக்கூடாது என்பது பரிந்துரை. 2002 கார்த்திகையில் பொஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் அந்த எல்லை தாண்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக, தேவை வந்தபோதெல்லாம் ஒட்டி ஒட்டி வளர்ந்த வலை அது. ஓர் ஆய்வாளரின் பெரிய தரவுப் பரிமாற்றம் அதைத் தள்ளிவிடப் போதுமாக இருந்தது. மரம் வளையமாகியது. எழும்பும், விழும், மீண்டும் எழும்பும். ஏறத்தாழ நாலு நாட்கள் இப்படிப் போயின. அவசர சிகிச்சைப் பிரிவு சில மணித்தியாலங்கள் புதிய நோயாளரை ஏற்கவில்லை. பின்னர் அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். வலையை நம்பாமல் காகிதத்துக்குத் திரும்புவது. பரிசோதனை முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் மாடி மாடியாக ஓடினார்கள். கணினியோடு வளர்ந்த இளம் மருத்துவர்களுக்குக் கையால் மருந்துச்சீட்டு எழுதுவது புதிதாக இருந்தது. மூத்தவர்கள் காட்டிக்கொடுத்தார்கள்.

மருத்துவமனையின் தகவல்துறைத் தலைவர் ஜோன் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே பேசினார். அங்கே இரண்டாவது வழியாக இருந்தவை காகிதமும், அதை எப்படி நிரப்புவது என்று ஞாபகம் வைத்திருந்த மூத்தவர்களும்தான். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபின் இது நடந்திருந்தால் காகிதம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

*

2000க்குப் பின் வணிக நிறுவனங்களில் ஒரு மாற்றம் வந்தது. மேசைத் தொலைபேசிகள் வலையமைப்புக்குள் வந்தன. கதவுகளின் பூட்டுகள் வந்தன, கமராக்கள் வந்தன. ஒரே கம்பி, ஒரே பராமரிப்பு, ஒரே கட்டணம். கணக்காளருக்கு அதில் பிழை எதுவும் தெரியாது. வலைக்கு வெளியே இருந்த ஒவ்வொரு பாதையும், பாவிக்கப்படாமல் காசு தின்னும் ஒன்றாகப் பட்டியலில் ஏறியது. என்னுடைய மொடெம் இணைப்பும் அப்படித்தான் ஏறியது. இரண்டாவது வழியின் இயல்பே பாவிக்கப்படாமல் கிடப்பதுதான். அதனால் அதை வெட்டுவதற்கான காரணம் எப்போதும் தயாராக இருக்கும்.

2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் இல்லாமல் போயின. ஊரோடு பேச வட்ஸ்அப்பை மட்டுமே நம்பியிருக்கும் எங்கள் வீடுகளில் அந்த நாளை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைத் துண்டித்துவிட்டது. அப்படியான கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் சேர்வர்கள், தரவு மையங்களை எட்ட முடியாததைக் கண்டு, விதிப்படி தம் இருப்பிடத்தை உலகுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. தொலைவிலிருந்து திருத்த முயன்ற பொறியியலாளர்களுக்கு வழமையான வழியும் இல்லை. அவசரத்துக்கென வைத்திருந்த தனி வழியும் இல்லை. தரவு மையங்களுக்கு நேரில் ஆட்களை அனுப்பினார்கள். எவரும் இலகுவில் உள்ளே போய்க் கைவைக்க முடியாதபடி கட்டப்பட்ட இடங்கள் அவை. பாதுகாப்புக்காகச் செய்தவை அன்று திருத்த வந்தவர்களையும் தாமதிக்க வைத்தன.

அடுத்த வருடம் 2022 ஆடி 8ஆம் திகதி, வெள்ளிக்கிழமை விடியற்காலையில், கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலை விழுந்தது. 12 மில்லியனுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இணையமும் கைத்தொலைபேசியும் இன்றி இருந்தார்கள். நாடு முழுவதும் இன்ரராக் டெபிட் அட்டைகள் வேலைசெய்யவில்லை. அவசர சேவைக்கான 911ஐ அழைக்க முடியாதவர்களும் இருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளின் பின் ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்காகத் தயாரிக்கப்பட்ட சுயாதீன அறிக்கையின் சுருக்கம் வெளிவந்தது. வாசித்தபோது என் சமையலறை மேசை நினைவுக்கு வந்தது. ஏழு கட்டங்களாகத் திட்டமிட்ட மேம்படுத்தலில் ஆறாவது கட்டம். ஒரு ரௌட்டரின் பட்டியலில் இருந்த வடிகட்டி ஒன்று நீக்கப்பட்டது. வடிகட்டி போனதும் பாதைத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து, வலையின் மையத்தில் இருந்த ரௌட்டர்களை மூழ்கடித்தன. அந்த வேலை முதலில் ஆபத்துக் கூடியது என்று மதிப்பிடப்பட்டிருந்தது. முந்திய கட்டங்கள் பழுதின்றி முடிந்ததால் ஆபத்துக் குறைந்தது என்று மதிப்பீடு மாற்றப்பட்டது. இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பதையே, இனியும் நடக்காது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். என் பட்டியலிலும் நான் எழுதியது வேறு சொற்களில் அதைத்தான்.

திருத்துவதற்கான நிர்வாக வலையும் விழுந்த மையத்தையே நம்பியிருந்தது. பொறியியலாளர்களின் கைத்தொலைபேசிகளும் அதே நிறுவனத்தின் இணைப்புகள். ஒருவரையொருவர் அழைக்க முடியவில்லை. எங்கே பழுது என்று சொல்லும் ரௌட்டர் பதிவுகள் ஏறத்தாழ 14 மணித்தியாலங்கள் அவர்களுக்குக் கிட்டவில்லை. பெரும்பாலான சேவைகள் திரும்ப ஒரு நாளுக்கு மேல் எடுத்தது. அதன் பின் நிறுவனம் நிர்வாக வலையைத் தனியாகப் பிரித்தது. அவசரத்தில் ஒன்றுக்கொன்று உதவுவதாக நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதே ஆண்டு ஓர் உடன்பாடு செய்துகொண்டன. 1969இல் இருவர் கையில் தொலைபேசி வைத்திருந்ததன் அர்த்தத்தை, 53 ஆண்டுகளின் பின் உடன்பாடு எழுதித் திரும்பப் பெறவேண்டியிருந்தது.

*

இதை வாசிக்கும் என் வயதுக்காரருக்கு இரண்டாவது வழி புதிய விஷயமாகப் படாது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. வெளியே பேசத் தொலைபேசி இல்லை. செய்தி கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தோம். சுற்றுவது பெரும்பாலும் நான். கை ஓய்ந்தால் செய்தியாளரின் குரலும் ஓய்ந்துவிடும். வெளிநாட்டில் இருந்த மாமாவுக்கான கடிதம், கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போகிறவர் ஒருவரின் கையில் போகும். போய்ச் சேர்ந்ததா என்று அறிய, மாதக்கணக்காக இன்னொருவர் திரும்பி வரவேண்டும். நான் பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வலையமைப்புப் பாடத்தில் படித்த சில விஷயங்களுக்கு எனக்கு ஏற்கெனவே உதாரணம் தெரிந்திருந்தது. பிரதான பாதை மூடப்படும் என்று எதிர்பார்த்து வாழ்ந்த ஒரு சமூகத்திலிருந்து வந்தவன், அந்தத் தொலைபேசி இணைப்பை வெட்டச் சொல்லி எழுதினேன். வசதி அவ்வளவு விரைவில் மறக்கச் செய்கிறது.

அந்த இரவுக்கு அடுத்த கிழமை நிர்வாகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது என்றும், பரிந்துரையும் என்னுடையது என்றும், அந்த இணைப்பைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றும் எழுதினேன். எடுத்தார்கள். செம்புக் கம்பித் தொலைபேசி அருகி வருவதால் இப்போது அதே இடத்தில் வேறொரு நிறுவனத்தின் கைத்தொலைபேசி அட்டை போட்ட ஒரு சிறு கருவி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் வழியாக உள்ளே போய்ப் பார்க்கிறோம். பாவிக்கப்படாத இணைப்பு என்று இனி எவரும் எழுத முடியாது.

தொலைவிலிருந்து எந்த மாற்றம் செய்ய முன்னரும், பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் செய் என்று ரௌட்டருக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் கைவைக்கிறேன். எல்லாம் சரியென்றால் அதை ரத்துச் செய்வேன். நான் வெளியே பூட்டப்பட்டால், அது தானாக விழுந்து பழையபடி எழும்பும். இந்தப் பழக்கம் எனக்கு முன்னரும் தெரியும். அன்றிரவு அவசரத்தில் செய்யவில்லை.

கருவிகள் இருக்கும் ஒவ்வொரு அறையிலும் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டுகிறேன். எந்தப் பெட்டி எது, மின்சார வயர் எது, எவரை அழைப்பது என்று பெரிய எழுத்தில் இருக்கும். நிறுவனத்தின் உள்வலையில் அழகான வரைபடங்களுடன் இதெல்லாம் இருக்கின்றனவே என்று இளையவர்கள் கேட்பார்கள். அந்த உள்வலை எந்த ரௌட்டர் வழியாக வருகிறது என்று திருப்பிக் கேட்பேன்.

காவலுக்கு இருந்த அண்ணை இரண்டு வருடத்தின் பின் ஓய்வு பெற்றார். கடைசி நாளுக்கு முதல் நாள் என்னை அழைத்தார்.

"தம்பி, நாளைக்குப் பிறகு நான் இல்லை. புதுசா வாற பெடியனுக்கு அந்தக் கறுப்பு வயரைக் காட்டிப்போட்டன். உம்மட நம்பரையும் குடுத்திருக்கிறன். நீர் அவன்ரையை எழுதிவையும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், காகிதத்தில்.